உதவிப் பயிற்சியாளர் எப்போது தலைமைப் பயிற்சியாளர் ஆகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்தில் நாலைந்து ஆண்டு உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டால் ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடும்: அடுத்து நானே ஓர் அணியை நடத்தலாமா? ஏழு ஆண்டு உதவியாளராக இருந்துவிட்டுத் தலைமைப் பொறுப்புக்குப் போனவன் நான். இளம் பயிற்சியாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்?

இத்தனை ஆண்டு என்று கணக்கு எதுவும் கிடையாது. மிக்கேல் ஆர்டெட்டா மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலாவுக்கு உதவியாக இருந்தது மூன்றரை ஆண்டுதான். 2019 டிசம்பரில் ஆர்சனலுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அடுத்த ஆகஸ்டிலேயே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். பாப் பைஸ்லியோ லிவர்பூலில் பில் ஷாங்க்லிக்குக் கீழே ஏறக்குறைய 15 ஆண்டு இருந்தார். 1974-ல் ஷாங்க்லி விலகியபோது பைஸ்லிக்கு வயது 55. தயங்கியவரை வற்புறுத்தித்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் சீசனில் கோப்பை எதுவும் வரவில்லை. ஆனால் மொத்தம் ஒன்பது சீசனில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார்.

எத்தனை ஆண்டு என்று பார்ப்பதைவிட, அந்த ஆண்டுகளில் எதையெல்லாம் உங்களை நம்பி விட்டார்கள் என்று பாருங்கள். வார்ம்-அப் நடத்துவது, எதிரணியின் வீடியோவை வெட்டித் தருவது இரண்டும் தேவையான வேலைகள்தான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பத்து ஆண்டு போனாலும் முதலாம் ஆண்டில் இருந்த அதே இடத்தில்தான் இருப்பீர்கள்.

பின்னே எதை வைத்துத் தயார் என்று தெரிந்துகொள்வது?

உதவியாளர் யோசனை சொல்கிறார், தலைமைப் பயிற்சியாளர் முடிவெடுக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம்.

ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 65-வது நிமிடம், 1-0 முன்னிலை. இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறார், களைத்தும் விட்டார். "மாற்றிவிடலாம்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். தலைமைப் பயிற்சியாளர் கேட்கவில்லை. அதே பக்கம் வழியாக கோல் விழுகிறது. அன்று இரவு நாம் சொன்னது சரியாகத்தானே இருந்தது என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவீர்கள். மாறாக, அவர் உங்கள் சொல்லைக் கேட்டார், புதிதாக இறங்கியவர் தடுமாறி கோல் விழுந்தது என்று வையுங்கள். பத்திரிகையாளர்கள் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள். இரண்டு நாளில் உங்களுக்கே அது மறந்துவிடும். பலித்த யோசனைகள் மட்டும் மனதில் தங்கிவிடுகின்றன. இப்படி ஐந்து சீசன் போனால், தன்னைப் பற்றிய கணக்கு எந்த உதவியாளருக்கும் தப்பாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவு, அணி அறிவிக்கப்படும் முன், உங்கள் பதினொருவரை எழுதுங்கள். யாரை பெஞ்சில்கூட உட்கார வைக்கப் போவதில்லை என்பதையும் எழுதுங்கள். அவரிடம் நேரில் என்ன சொல்வீர்கள் என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். ஆட்டத்தின்போது, தலைமைப் பயிற்சியாளர் எதையும் செய்யும் முன்பே, நீங்களாக இருந்தால் யாரை எந்த நிமிடத்தில் மாற்றுவீர்கள் என்று குறியுங்கள். எழுதியதைப் பிறகு திருத்தக் கூடாது. ஒரு சீசன் முழுக்க இதைச் செய்துவிட்டுத் திரும்பப் படியுங்கள்.

எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வழக்கம் என்ன என்பது அதில் தெரியும். என் நோட்டில் நான் எல்லா மாற்றங்களையும் 60-வது நிமிடத்தை ஒட்டியே எழுதியிருந்தேன். தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் சீசனில் அதே மாதிரி மாற்றங்களை 75, 80 என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். காகிதத்தில் இருந்த துணிச்சல் கோட்டோரம் நின்றபோது எனக்கு இல்லை. அது ஏன் என்று புரிய ஒரு சீசன் ஆனது; அதற்குள் நிறைய புள்ளிகளை இழந்திருந்தோம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அறைக்குள் கடுமையாக எதிர்த்துப் பேசிவிட்டு, முடிவு வேறாக வந்தபின், அந்த முடிவை வீரர்களுக்கு உங்கள் சொந்த முடிவு மாதிரியே விளக்க முடிகிறதா? முகத்தில்கூட மாறுபாடு தெரியாமல்? அது முடிந்தால், பின்னாளில் உங்கள் உதவியாளரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

வீரர்கள் எல்லோரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அது பலம்தானே?

உதவியாளராக இருக்கும்வரை பெரிய பலம். தலைமைக்கு வந்ததும் அதில் பெரும்பகுதியை இழக்க வேண்டியிருக்கும். அதற்கு மனதளவில் தயாரா என்பதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி.

என்னை வீரர்கள் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பிரச்சினை, சம்பளப் பாக்கி, காதல் என எல்லாம் என்னிடம்தான் வரும். தலைமைப் பயிற்சியாளர் ஒருவரை உட்கார வைத்தால், ஆறுதல் சொல்லி, தனியாகப் பயிற்சி கொடுத்து, அவருக்காக மேலே பரிந்து பேசுவதும் நான்தான். அப்புறம் நானே தலைமைக்கு வந்தேன். முதல் ஆட்டத்திலேயே, என்னிடம் மிகவும் நெருக்கமாக இருந்த ஒரு நடுக்கள ஆட்டக்காரரை அணியிலிருந்து விட வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்துக்கு அவரைவிட வேகமானவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். அவர் கோபப்படவில்லை. "போன வாரம் வரைக்கும் எனக்காகப் பேசினது நீங்கதானே அண்ணா" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளிலிருந்து என்னை 'கோச்' என்று கூப்பிட ஆரம்பித்தார். முடிவு சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல் மாறியது பல வாரம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

25 பேர் உள்ள அணியில் 11 பேர்தான் தொடங்க முடியும். மீதி 14 பேரின் வருத்தத்துக்கு ஒவ்வொரு வாரமும் காரணம் நீங்கள்தான். ஆர்டெட்டாவை நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் மெசூத் ஓசிலை பிரீமியர் லீக் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 2021 டிசம்பரில் ஒபாமெயாங்கிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்தார். இருவரும் அந்த அணியின் மிகப் பெரிய பெயர்கள். அந்த முடிவுகளைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் எந்த உதவியாளரும் இப்படி ஒரு முடிவைத் தன் பெயரில் எடுத்துப் பழகியிருக்க மாட்டார். 2019-20, 2020-21 இரண்டு சீசனிலும் ஆர்சனல் எட்டாவது இடம்தான். அந்தத் தோல்விகளோடு சேர்த்து இதையும் தாங்க வேண்டியிருந்தது.

ஆட்ட நுட்பம் நன்றாகத் தெரிந்தால் போதாதா?

போதாது. பெப் லைண்டர்ஸின் கதையை நான் மரியாதையோடு சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி மைதானத்தில் அவர் திறமையை யாரும் சந்தேகிப்பதில்லை. லிவர்பூலில் யூர்கன் குளோப்புக்கு வலக்கரமாக இருந்தவர். 2018 ஜனவரியில் நெதர்லாந்தின் இரண்டாம் டிவிஷனில் இருந்த என்.இ.சி. அணிக்குத் தலைமையேற்றார். மேல் டிவிஷனுக்கு ஏற முடியவில்லை. அந்தக் கோடையிலேயே லிவர்பூலுக்குத் திரும்பினார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக்கும் 2020-ல் பிரீமியர் லீக்கும் வந்தன. 2024-ல் சால்ஸ்பர்க் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார், டிசம்பரிலேயே வேலை போனது. அடுத்த ஆண்டு கார்டியோலா அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். உலகின் மிகச் சிறந்த இரண்டு பயிற்சியாளர்கள் தேடி அழைக்கும் ஒருவர், இரண்டு முறை தலைமைப் பொறுப்பில் நிலைக்கவில்லை. அவருக்கு நுட்பம் போதவில்லை என்று யார் சொல்ல முடியும்?

இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். தலைமையில் இருப்பவரின் வாரத்தில், உரிமையாளருக்கு விளக்கம், மருத்துவரோடு வாக்குவாதம், ஏஜென்ட்டின் போன், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பிரஸ் மீட், காயத்தில் இருப்பவரைப் பார்க்கப் போவது என்று மைதானத்துக்கு வெளியேதான் பாதி நேரம் போகும். தான் ஆசையாகச் செய்த பயிற்சி வேலையையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்க வேண்டி வரும். அது எனக்குப் பிடித்துப்போக வெகுகாலம் ஆனது.

லைசன்ஸ் எவ்வளவு முக்கியம்?

ஐரோப்பாவின் உயர் டிவிஷன்களில் தலைமைப் பயிற்சியாளருக்கு ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ தரும் ப்ரோ லைசன்ஸ் வேண்டும். 2022 அக்டோபரில் பிரான்ஸின் ரெம்ஸ் அணி, உதவியாளராக இருந்த வில் ஸ்டில்லை 30 வயதில் தலைமைக்குக் கொண்டுவந்தது. அவரிடம் அந்த லைசன்ஸ் இல்லை; ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவருக்குக் கீழே அணி லீக்கில் தொடர்ந்து 17 ஆட்டங்கள் தோற்கவில்லை. அருமையான கதைதான், ஆனால் உங்களுக்காக அபராதம் கட்ட எந்த கிளப்பும் காத்திருக்காது. உதவியாளராக இருக்கும்போதே படித்து முடித்துவிடுங்கள். தலைமைக்கு வந்தபின் நேரமே இருக்காது.

நான் வேலை செய்யும் கிளப்பே தலைமைப் பதவியைக் கொடுத்தால்?

நல்ல பயிற்சியாளர் தானாக விலகி, அணி நல்ல நிலையில் இருந்தால், தயங்காமல் ஏற்கலாம். லிவர்பூலில் பைஸ்லிக்குப் பின் 1983-ல் ஜோ ஃபேகன் 62 வயதில் வந்தார். அவரும் வெகுகாலம் அங்கேயே உதவியாளராக இருந்தவர். முதல் சீசனிலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும் கிடைத்தன. பார்சிலோனாவில் கார்டியோலாவின் உதவியாளர் டிட்டோ விலனோவா 2012-ல் பொறுப்பேற்று, உடல்நலம் குன்றிய நிலையிலும், 100 புள்ளிகளோடு லா லிகாவை வென்றார்.

உங்கள் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டு, அந்த இடம் உங்களுக்கு வந்தால் விஷயம் சிக்கல். அந்தத் தோல்விகளில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்களைக் கூட்டி வந்தவரே அவராக இருக்கலாம். முதலில் அவரிடம் போனில் பேசுங்கள். கிளப் அறிவிக்கும் முன் அவர் காதில் அது உங்கள் வாயால் விழ வேண்டும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

இடைக்காலப் பொறுப்பு கொடுக்கிறார்கள். ஏற்கட்டுமா?

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதில் வரும் முதல் வெற்றிகளை வைத்து உங்களை எடைபோடாதீர்கள். பழையவர் போனதும் வீரர்களுக்குக் கொஞ்ச நாள் புதுத் தெம்பு வரும். உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடி ஓடுவார்கள்.

2019 நவம்பரில் பயர்ன் மியூனிக் 5-1 என்று ஃபிராங்க்ஃபர்ட்டிடம் தோற்றதும் நிக்கோ கோவாச் போனார், உதவியாளர் ஹன்சி ஃபிளிக் இடைக்காலமாக வந்தார். அதே சீசனில் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றார்கள். வழியில் பார்சிலோனாவை 8-2 என்று தோற்கடித்தார்கள். அவர் வெறும் அதிர்ஷ்டசாலி இல்லை. 2006 முதல் 2014 உலகக் கோப்பை வரை ஜெர்மனி தேசிய அணியில் யோவாக்கிம் லோவுக்கு உதவியாளர்; அதற்கும் முன் ஹாஃபன்ஹைமில் தலைமைப் பயிற்சியாளர். ஓரம் கட்டப்பட்டிருந்த தாமஸ் முல்லரை மறுபடி அணியின் நடுவே கொண்டுவந்தது அவர் முடிவு. ஆளை அறிந்திருந்தார், அதிகாரம் கிடைத்ததும் அந்த அறிவைப் பயன்படுத்தினார்.

செல்சியில் ராபர்ட்டோ டி மாட்டேயோ 2012 மார்ச்சில் இதே மாதிரி வந்து, மே மாதத்துக்குள் எஃப்.ஏ. கோப்பையும் சாம்பியன்ஸ் லீக்கும் வென்றார். நவம்பரில் அவரையே நீக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லியோனல் ஸ்கலோனி. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் பயிற்சிக் குழுவில் ஒருவர். அங்கே அணி தோற்று வெளியேறிய பின் அவரைத் தற்காலிகமாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். ஒரு பெரிய கிளப்பைக்கூட அதுவரை நடத்தியதில்லை என்று பலர் குறை சொன்னார்கள். 2021-ல் கோபா அமெரிக்கா கிடைத்தது. 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் தோற்றபின், அவர் அணியைப் பிரித்துக் கட்டினார். போலந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் லவுத்தாரோ மார்ட்டினஸ் உட்கார, ஹூலியன் ஆல்வரஸ் தொடங்கினார். நடுக்களத்தில் என்சோ ஃபெர்னாண்டஸும் மக் அலிஸ்டரும் வந்தார்கள். ஒரு நாடே பதறிக்கொண்டிருந்த வாரத்தில், முதல் ஆட்டத்தில் நம்பிய ஆட்களை மாற்றும் தைரியம் அது. நான் சொல்லும் தகுதியை ஓர் ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், அந்த போலந்து ஆட்டத்தின் அணிப் பட்டியலைப் பாருங்கள்.

பெண்கள் கால்பந்தில் சரினா வீக்மனும் அப்படித்தான். நெதர்லாந்து அணியில் உதவியாளராக இருந்து 2017 ஜனவரியில் முழுப் பொறுப்பேற்றார். அதே கோடையில் யூரோ கோப்பை.

முதல் வேலை எங்கே தேடுவது?

கீரன் மெக்கென்னா மான்செஸ்டர் யுனைடெட்டில் உதவியாளராக இருந்தவர். 2021 டிசம்பரில் மூன்றாம் டிவிஷனில் இருந்த இப்ஸ்விச்சுக்குப் போனார். 2023-லும் 2024-லும் அடுத்தடுத்து ஏறி பிரீமியர் லீக்கை அடைந்தார்கள். மறு சீசனில் இறங்கினார்கள் என்றாலும், அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஜோசே மொரின்யோ பார்சிலோனாவில் பாபி ராப்சன், லூயி வான் கால் இருவருக்கும் உதவியாளராக இருந்தவர். பிறகு பென்ஃபிகாவில் சில மாதம், அப்புறம் சிறிய கிளப்பான லெய்ரியா, அதன்பின் போர்ட்டோ, 2004-ல் சாம்பியன்ஸ் லீக்.

டிவிஷன் எது என்பதைவிட நேர்காணலில் நீங்கள் கேட்கும் கேள்விகள் முக்கியம். வீரர்களை யார் வாங்குகிறார்கள், நான் மறுக்கலாமா? உதவியாளர்களை நான் தேர்ந்தெடுக்கலாமா? முதல் பத்து ஆட்டத்தில் ஏழு தோற்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். பிரென்ட்ஃபோர்டில் உதவியாளராக இருந்த தாமஸ் ஃபிராங்க் 2018-ல் தலைமைக்கு வந்து முதல் பத்தில் எட்டு ஆட்டம் தோற்றார். கிளப் அவரை வைத்துக்கொண்டது. 2021-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். வேறு இடமாக இருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது.

பெரிய ஆட்டக்காரராக இருந்தது உதவுமா?

கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவே. பெல்ஜியத்தின் உதவியாளராக இருந்த தியெரி ஆன்ரி 2018 அக்டோபரில் மொனாக்கோவுக்குப் போய் ஜனவரியிலேயே வெளியேறினார். ஜினடீன் ஜிடான் ரியல் மாட்ரிட்டில் ஆன்செலோட்டிக்கு உதவியாளராக ஒரு சீசன், அதே கிளப்பின் இரண்டாம் அணியில் ஒன்றரை ஆண்டு என்று பழகிக்கொண்ட பின்பே பெரிய அணிக்கு வந்தார்.

செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக்), கோல்கீப்பர் என்று ஒரே துறையில் இருப்பவர்கள்?

2025-ல் பிரென்ட்ஃபோர்ட் தன் செட் பீஸ் பயிற்சியாளர் கீத் ஆண்ட்ரூஸையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. ஆக, வழி அடைபடவில்லை. ஒரு துறையை முழுக்கச் சொந்தமாக நடத்தி, கோல் விழுந்தால் எல்லோர் முன்னாலும் "இது என் தப்பு" என்று சொல்லிப் பழகியவருக்கு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கைவைத்த உதவியாளரைவிடப் பொறுப்பு என்றால் என்ன என்று தெரிந்திருக்கும்.

தலைமைக்குப் போய்த் தோற்றுவிட்டால் திரும்ப முடியுமா?

முடியும். என்சோ மரெஸ்கா 2021-ல் பார்மாவில் 14 ஆட்டத்தோடு நீக்கப்பட்டார். கார்டியோலாவிடம் உதவியாளராகப் போய், 2022-23-ல் மூன்று கோப்பை வென்ற சிட்டியில் இருந்தார். அப்புறம் லெஸ்டரை பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார், செல்சியோடு 2025-ல் கான்ஃபரன்ஸ் லீக்கும் கிளப் உலகக் கோப்பையும் வென்றார். லோவும் ஃபிளிக்கும் தலைமையில் இருந்துவிட்டு உதவியாளராக வந்து, மறுபடி தலைமைக்குப் போனவர்கள்தான். திரும்பி வருவதில் வெட்கம் எதுவும் இல்லை. முன்பு கவனிக்காமல் விட்ட பல விஷயங்கள் இரண்டாம் முறை உதவியாளராக நிற்கும்போது கண்ணில் படும்.

எனக்குத் தலைமை வேண்டாம் என்று தோன்றுகிறது. அது குறையா?

இல்லவே இல்லை. பிரையன் கிட் 1998 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசனின் உதவியாளர் பதவியை விட்டு, தலைமைப் பயிற்சியாளராக பிளாக்பர்னுக்குப் போனார். அந்த சீசனில் அணி கீழே இறங்கியது, மறு ஆண்டு அவர் வேலையும் போனது. அதே கிட் பின்னாளில் மான்செஸ்டர் சிட்டியில் மான்சினி, பெலெக்ரினி, கார்டியோலா மூவரிடமும் உதவியாளராக இருந்து லீக் பட்டங்களில் பங்குகொண்டார். பாட் ரைஸ் 1996 முதல் 2012 வரை ஆர்சனலில் ஆர்சென் வெங்கரின் பக்கத்திலேயே உதவியாளராக இருந்தார். நல்ல உதவியாளரைத் தொலைத்துவிட்டு அந்த இடத்தை நிரப்ப முடியாமல் தவித்த கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, போவது என்று முடிவு செய்துவிட்டேன். என் உதவியாளராக யாரை வைப்பது?

நண்பரை வைக்கத்தான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன், தப்பாகப் போனது. நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஆர்டெட்டா ஆர்சனலுக்குப் போனபோது தன்னைவிட வயதில் மூத்த, பல அணிகளைப் பார்த்த ஸ்டீவ் ரவுண்டையும், தலைமைப் பயிற்சியாளராகவே இருந்திருந்த ஆல்பர்ட் ஸ்டைவன்பர்க்கையும் சேர்த்துக்கொண்டார். உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவரைத் தேடுங்கள். வேலைக்கு வரும் முதல் நாள் ஒரு புது நோட்டை அவரிடம் கொடுத்து, ஆட்டத்துக்கு முந்தின இரவு அவருடைய பதினொருவரை எழுதச் சொல்லுங்கள்.